வாங்கியதைத் திருப்பித் தருதல்: பிணைய வழங்கிகளில் நினைவகப் பெருக்கமும் அதன் ஆளுகையும்



மொழி மன்றத்தின் பொதுச் சொற்பொழிவு வரிசையில் மென்பொருளைப் பற்றிய உரை ஒன்று இடம்பெறுவது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். ஆயினும் நாம் இன்று எடுத்துக்கொண்டுள்ள பொருளில் மொழிக்கும் பங்குண்டு. பிணைய வழங்கிகளில் நினைவகம் நாளுக்கு நாள் பெருகிக்கொண்டே போகும் நிலைக்கு நாம் பொதுவாக ஒரே பெயரை இடுகிறோம். நினைவகக் கசிவு என்கிறோம். உண்மையில் அது மூன்று வேறு நோய்களின் ஒரே அறிகுறி. பெயரைப் பிழையாக இட்டதால் மருந்தையும் பிழையாகக் கொடுத்து இழப்புக்கு ஆளான பட்டறிவு எமக்கு உண்டு. அதனையும் மறைக்காமல் இங்கே கூறுவோம்.

ஒரு சிறு முகவர் நிரல் செய்த வேலை

2012ஆம் ஆண்டு அக்டோபர் 22ஆம் நாள். அமெரிக்காவின் வட வர்ஜீனியாவில் உள்ள அமேசான் நிறுவனத்தின் மேகக் கணிமை நிலையங்களில் ஒன்று தடுமாறத் தொடங்கியது. அமெரிக்க மேற்குக்கரை நேரப்படி காலை 10 மணி. நம் நாட்டில் அப்போது மறுநாள் அதிகாலை 1 மணி. அந்நிலையத்தை நம்பியிருந்த ரெடிட், ஃபோர்ஸ்குயர் உள்ளிட்ட பல இணையத்தளங்கள் முடங்கின. என்ன நேர்ந்தது என்பதை அந்நிறுவனமே பின்னர் விரிவாக வெளியிட்டது.

அங்கிருந்த சேமிப்பு வழங்கிகள் ஒவ்வொன்றிலும் ஒரு சிறு முகவர் நிரல் இயங்கி வந்தது. வழங்கியின் நிலை குறித்த தகவலைத் திரட்டி, வேறொரு கணினிக்கு அனுப்புவதே அதன் வேலை. அத்தகவல் சற்றுத் தாமதித்தாலும், ஒருநாள் வராமலே போனாலும் குறையில்லை என்னும் அளவுக்கு அது இரண்டாம் நிலைப் பணி. அதற்கு முந்தைய வாரத்தில் தகவலைப் பெறும் கணினி ஒன்று பழுதாகி, அதனிடத்தில் புதியது வைக்கப்பட்டது. பெயரையும் முகவரியையும் பொருத்தும் டிஎன்எஸ் பதிவும் மாற்றப்பட்டது. ஆனால் அம்மாற்றம் எல்லா இடங்களுக்கும் போய்ச் சேரவில்லை. ஆகவே, சில வழங்கிகளில் இருந்த முகவர் நிரல்கள் இல்லாத கணினியைத் தொடர்ந்து அழைத்துக்கொண்டே இருந்தன. அவ்வாறு முயன்று தோற்கத் தோற்க, அவை சிறிது சிறிதாக நினைவகத்தை விழுங்கின. எந்த எச்சரிக்கை மணியும் ஒலிக்கவில்லை. இறுதியில், வாடிக்கையாளரின் தரவைக் கையாளும் முதன்மைப் பணிக்கே நினைவகம் போதாமற் போயிற்று.

இந்நிகழ்வில் நாம் கருத வேண்டியவை இரண்டு. முதலாவது, அப்பிழை புதியதன்று. நெடுநாளாக உள்ளே உறங்கிக் கிடந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்தவரை அது வெளிப்படவில்லை. இணைப்பு ஒன்று தோற்றபோதே விழித்தது. இரண்டாவது, முதன்மையற்ற ஒரு நிரல் முதன்மையான நிரலைச் சாய்த்தது. இவ்விரண்டுக்கும் பின்னர் மீண்டும் வருவோம்.

வழங்கி வாங்குவதும் தருவதும்

சர்வர் என்பதைத் தமிழில் வழங்கி என்கிறோம். கேட்பவர்க்கெல்லாம் வழங்குவதால் அப்பெயர். ஆனால் வழங்குவதற்கு முன் அது வாங்கவும் செய்கிறது. ஒவ்வொரு கோரிக்கை வரும்போதும், அதனைப் படிக்கவும், விடையைத் தொகுக்கவும், அனுப்பவும் சிறிதளவு நினைவகத்தை இயங்குதளத்திடமிருந்து கடனாகப் பெறுகிறது. வேலை முடிந்ததும் அக்கடனைத் திருப்பித் தர வேண்டும்.

நம் கைப்பேசியில் உள்ள ஒரு செயலி சிறிது நினைவகத்தைத் திருப்பித் தர மறந்தால் பெருந்தீங்கு ஒன்றும் நேர்வதில்லை. அதை மூடும்போது இயங்குதளம் அனைத்தையும் மீட்டுக்கொள்ளும். வழங்கியோ மூடப்படுவதில்லை, வாரக்கணக்கில், மாதக்கணக்கில் இடையறாது இயங்குகிறது. ஆகவே மிகச் சிறிய மறதியும் அங்கே கூட்டு வட்டியைப்போல அன்றாயினும், தனி வட்டியைப்போல நாள்தோறும் சேர்ந்துகொண்டே வரும்.

மாணவர்கள் இக்கணக்கைத் தாங்களே போட்டுப் பார்க்கலாம். ஒரு கோரிக்கைக்கு 1,000 பைட்டுகளை வழங்கி மறந்துவிடுகிறது என்று கொள்வோம். நொடிக்கு 50 கோரிக்கைகள் வந்தால், நொடிக்கு 50,000 பைட்டுகள் போகும். ஒரு நாளுக்கு 86,400 நொடிகள். ஆகவே ஒரு நாளில் 432 கோடி பைட்டுகள், அதாவது 4 கிகாபைட்டுக்குச் சற்று மேல். 16 கிகாபைட்டு நினைவகம் கொண்ட வழங்கி நான்காம் நாள் முடிவதற்குள் திணறிவிடும். ஒரு பத்தி எழுத்தளவுகூட இல்லாத மறதிக்கு இவ்வளவு விளைவு.

மூன்று நோய்களும் மூன்று பெயர்களும்

நினைவகம் பெருகுவதற்கான காரணங்களை விளக்க, நாம் அனைவரும் அறிந்த பள்ளி நூலகத்தை எடுத்துக்கொள்வோம்.

நூல் ஒன்றைப் பதிவேட்டில் எழுதாமலே யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அது யாரிடம் இருக்கிறது என்று எவருக்கும் தெரியாது. ஆகவே திருப்பிக் கேட்கவும் இயலாது. கணினியில் இதுவே கசிவு. வாங்கிய நினைவகத்தின் முகவரியை நிரல் தொலைத்துவிடுகிறது. பயன்படுத்தவும் முடியாது, விடுவிக்கவும் முடியாது.

இரண்டாவது நிலையில், பதிவேடு செம்மையாக இருக்கிறது. எந்த நூல் யாரிடம் உள்ளது என்பது வரிக்கு வரி எழுதப்பட்டுள்ளது. ஆனால் ஒருவர் எத்தனை நூல் எடுக்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம் என்னும் விதி மட்டும் இல்லை. நாளடைவில் நூலகத்தில் பாதி ஒரே வீட்டில் இருக்கும். இதனைத் தேக்கம் என்போம். மீண்டும் பயன்படலாம் என்று சேமித்து வைத்த விடைகள், அனுப்பக் காத்திருக்கும் செய்திகளின் வரிசை, துண்டிக்கப்படாத பழைய இணைப்புகள் ஆகியன இவ்வாறு தேங்குகின்றன.

மூன்றாவது நிலையில், நூல்கள் முறையாகத் திரும்பி வருகின்றன. ஆனால் அலமாரியில் இங்கொரு விரல்கடை, அங்கொரு விரல்கடை என்று இடைவெளிகள் சிதறிக் கிடக்கின்றன. கூட்டிப் பார்த்தால் ஒரு முழ இடம் உண்டு; ஆயினும் ஒரு கலைக்களஞ்சியத் தொகுதியை வைக்க இடமில்லை. எனவே புதிய அலமாரி வாங்குகிறோம். இதனைத் துண்டுபடல் என்போம். பரவலாக வழங்கும் கணினிகளில் நினைவகம் 4,096 பைட்டு கொண்ட பக்கங்களாகப் பகுக்கப்படுகிறது. ஒரு பக்கத்தில் 16 பைட்டு மட்டும் பயன்பாட்டில் இருந்தாலும் அப்பக்கம் முழுவதும் வழங்கியின் கணக்கிலேயே நிற்கும்.

இம்மூன்றும் வெளியில் இருந்து பார்ப்பவர்க்கு ஒன்றுபோலவே தோன்றும். வரைபடத்தில் கோடு மேலே ஏறும்; அவ்வளவுதான். உள்ளே நிகழ்வது வேறு வேறு.

இவற்றோடு நான்காவதாக, நோயல்லாத ஒரு பெருக்கமும் உண்டு. வழங்கி தொடங்கியபின் சில மணி நேரம் நினைவகம் ஏறும்; பின்னர் ஒரு மட்டத்தில் நிலைத்துவிடும். இயங்குதளமும் ஓய்ந்திருக்கும் நினைவகத்தை வீணாக்காமல், வட்டிலிருந்து படித்த கோப்புகளை அதில் வைத்துக்கொள்ளும். ஆகவே வெற்று நினைவகம் குறைவாக இருப்பது மட்டுமே நோயின் அடையாளமன்று. ஏறுகிறதா என்று கேட்பதைவிட, எங்கே நிற்கிறது என்று கேட்பதே தகும்.

பெயர் தவறியதால் நேர்ந்தது

சில ஆண்டுகளுக்கு முன், மாணவர்களின் கட்டுரைகளை இணையவழி பெறும் ஒரு வழங்கியை நாங்கள் குழுவாகப் பராமரித்து வந்தோம். அதன் நினைவகம் நாள்தோறும் ஏறியது. கசிவு என்று முடிவு செய்தோம். கசிவைக் கண்டறியும் கருவிகளைக்கொண்டு பல வாரங்கள் தேடினோம். கருவிகள் ஒன்றையும் காட்டவில்லை. இதற்கிடையே, இரவு 3 மணிக்கு வழங்கியை நிறுத்தி மீண்டும் தொடங்கும் ஏற்பாட்டைச் செய்தோம். நினைவகம் காலையில் குறைந்து காணப்பட்டது. சிக்கல் தீர்ந்தது என்று அமைந்துவிட்டோம்.

கட்டுரைகளை ஒப்படைக்கும் இறுதி நாள் வந்தது. வழக்கத்தைவிடப் பன்மடங்கு மாணவர்கள் ஒரே மாலையில் வந்தனர். 3 மணிவரை தாங்க வேண்டிய நினைவகம் இரவு 9 மணிக்கே தீர்ந்தது. வழங்கி நின்றது. எழுதிக்கொண்டிருந்த மாணவர் பலர் தம் கட்டுரையின் பிற்பாதியை இழந்தனர். மறுநாள் காலை ஒரு மாணவி, தாம் இரண்டாம் முறை எழுதியது முதலில் எழுதியதைப்போல் அமையவில்லை என்று எங்களுக்கு எழுதியிருந்தார். அதற்கு நாங்கள் எழுதிய விடை மன்னிப்பு ஒன்றே.

பின்னர்க் காரணம் தெரிந்தது. மாணவர் அகராதிப் பகுதியில் தட்டச்சு செய்த ஒவ்வொரு தேடற்சொல்லுக்கும் விடையைச் சேமித்து வைக்கும் பகுதி ஒன்று இருந்தது. அதற்கு உச்ச வரம்பே இல்லை. பிழையாகத் தட்டச்சு செய்த சொற்களுக்கும் தனித்தனி இடம். எதுவும் தொலையவில்லை, அனைத்தும் ஒழுங்காகப் பதிவேட்டில் இருந்தன. அதனால்தான் கருவிகள் வாய்திறக்கவில்லை. அது கசிவன்று, தேக்கம். அச்சொல் அன்று எங்கள் வாயில் வந்திருந்தால், முதல் நாளிலேயே வரம்பைத் தேடியிருப்போம்.

ஜாவா போன்ற மொழிகளைப் பயிலும் மாணவர்கள் இதனை உளங்கொள்ள வேண்டும். பயன்படாத நினைவகத்தைத் தானே மீட்கும் குப்பை சேகரிப்பு முறையை ஜான் மெக்கார்த்தி, லிஸ்ப் மொழிக்காக வகுத்து 1960ஆம் ஆண்டுக் கட்டுரையில் வெளியிட்டார். அம்முறை எவரும் கைக்கொண்டிராத நினைவகத்தை மீட்கும். நாம் கைவிடாமல் பற்றிக்கொண்டிருப்பதை அது தொடாது; தொடவும் கூடாது. கசிவுக்கு அது மருந்து, தேக்கத்திற்கு அன்று.

நோய்க்கேற்ற மருந்து

கசிவுக்கு மருந்து உரிமையைத் தெளிவுபடுத்துவது. 1995இல் தோன்றிய அப்பாச்சி வழங்கி இதற்கு நல்ல முன்மாதிரி. அதில் ஒவ்வொரு கோரிக்கைக்கும் தனியாக ஒரு நினைவகக் குளம் உண்டு. அக்கோரிக்கைக்குத் தேவையானவை அனைத்தும் அக்குளத்திலிருந்தே எடுக்கப்படும். கோரிக்கை முடிந்ததும் குளம் முழுவதும் ஒருங்கே விடுவிக்கப்படும். எடுத்த ஒவ்வொன்றையும் நிரலர் தனித்தனியே நினைவில் வைத்துத் திருப்ப வேண்டியதில்லை. 2004இல் இகோர் சிசோயெவ் வெளியிட்ட என்ஜின்எக்ஸ் வழங்கியும் இம்முறையையே பின்பற்றுகிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை: குளத்தின் வாழ்நாள் நீண்டால் நன்மை கெடும். மணிக்கணக்கில் திறந்திருக்கும் ஓர் இணைப்பின் குளத்தில் ஒவ்வொரு செய்திக்கும் நீர் முகந்தால், உரிமை தெளிவாக இருந்தும் தேக்கம் உண்டாகும்.

தேக்கத்திற்கு மருந்து வரம்பு. வரம்பு வைப்பது எளிது. வரம்பை எட்டியபின் என்ன செய்வது என்று முடிவு செய்வதே கடினம். 2003இல் பிராட் ஃபிட்ஸ்பாட்ரிக் உருவாக்கிய மெம்கேஷ்ட், வரம்பை எட்டியதும் நெடுநேரம் தொடப்படாத தரவை மறந்துவிட்டுப் புதியதற்கு இடமளிக்கிறது. 2009இல் வந்த ரெடிஸ், முடிவை நம்மிடமே விடுகிறது. பழையதை நீக்கலாம், அல்லது புதியதை ஏற்க மறுக்கலாம். இவற்றுள் எது சரி என்பதைக் கணினி சொல்லாது. மீண்டும் கணக்கிட்டுப் பெறக்கூடிய தரவாயின் மறப்பது சரி. மாணவரின் கட்டுரையாயின், மறப்பதைவிட வெளிப்படையாக மறுப்பதே நேர்மை.

மெதுவாகப் படிக்கும் பயனரும் தேக்கத்திற்குக் காரணமாவார். வழங்கி விரைவாக எழுதுகிறது. மறுமுனையில் உள்ளவரோ மெதுவாகப் பெறுகிறார். இடைப்பட்டவை வழங்கியின் நினைவகத்தில் காத்திருக்கும். ரெடிஸ் செய்திகளைப் பரப்பும் வகை இணைப்புகளுக்கு இயல்பாகவே ஓர் எல்லை வகுத்துள்ளது. காத்திருப்பவை 32 மெகாபைட்டைத் தாண்டினாலும், 60 நொடிகள் தொடர்ந்து 8 மெகாபைட்டுக்கு மேல் இருந்தாலும் அவ்விணைப்பு துண்டிக்கப்படும். ஒருவருக்குக் கடுமையாகத் தோன்றும் இவ்விதியே ஏனையோர் அனைவரையும் காக்கிறது.

வரம்பை எதில் அளப்பது என்பதிலும் கவனம் வேண்டும். இதில் தமிழர்க்குத் தனி அக்கறை உண்டு. வழங்கி என்னும் சொல்லில் நம் இலக்கணப்படி நான்கு எழுத்துகள். யூனிகோடு முறையில் அது ஆறு குறியீடுகள். யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் 3 பைட்டு. ஆகவே அச்சொல்லுக்கு 18 பைட்டு. அதே பொருள் தரும் ஆறெழுத்து ஆங்கிலச் சொல்லுக்கு 6 பைட்டே. இத்தனை எழுத்துகள், இத்தனை பதிவுகள் என்று எண்ணிக்கையில் வரம்பு வைத்து, ஆங்கில உரையைக்கொண்டு சோதித்த ஒரு வழங்கி, தமிழ் உரை வரும்போது எதிர்பாராத அளவுக்குப் பெருகக்கூடும். நினைவகம் பைட்டுகளால் ஆனது. வரம்பும் பைட்டுகளிலேயே அமைய வேண்டும்.

துண்டுபடலுக்கு மருந்து அடுக்கும் முறை. ஒத்த அளவினவற்றை ஒன்றாக வைத்தால் இடைவெளி வீணாகாது. மெம்கேஷ்ட் தன் நினைவகத்தை அளவுவாரியாகப் பிரித்துக்கொள்வது இதற்காகவே. ரெடிஸ் தன் நான்காம் பதிப்பிலிருந்து, இயங்கிக்கொண்டிருக்கும்போதே சிதறியவற்றை நெருக்கி அடுக்கும் வசதியையும் பெற்றுள்ளது.

மறுதொடக்கத்தைப் பற்றியும் நடுநிலையோடு சொல்ல வேண்டும். அது இழிவான முறையன்று. அப்பாச்சியில், குறித்த எண்ணிக்கையிலான இணைப்புகளை முடித்த துணைநிரல் ஓய்வு பெற்று, புதியது அதனிடத்தில் வரும்படி அமைக்கலாம். ஒன்று ஓய்வுபெறும்போது மற்றவை பணியைத் தொடர்வதால் பயனருக்கு இடையூறில்லை. காரணம் அறிந்து, காலம் வாங்குவதற்காகச் செய்யும் மறுதொடக்கம் அறிவுடைமை. காரணத்தைத் தேடுவதை நிறுத்திக்கொள்ளச் செய்யும் மறுதொடக்கம், நாங்கள் செய்த தவறு.

கண்காணித்தல்

நினைவகம் முற்றிலும் தீர்ந்தால் லினக்ஸ் இயங்குதளம் ஏதேனும் ஒரு நிரலை வலிந்து நிறுத்தித் தன்னைக் காத்துக்கொள்ளும். எதை நிறுத்துவது என்பதை, பெரும்பாலும் எது மிகுதியான நினைவகத்தைக் கொண்டுள்ளது என்பதை வைத்தே முடிவு செய்கிறது. பிழை செய்தது ஒரு சிறு நிரலாகவும், தண்டனை பெறுவது நெறியோடு பணிசெய்த தரவுத்தளமாகவும் இருக்கக்கூடும்.

தொடக்கத்தில் கூறிய 2012ஆம் ஆண்டு நிகழ்வுக்கு இப்போது திரும்புவோம். அங்கே நினைவகத்தைக் கண்காணித்தே வந்தனர். ஆனால் கணினி முழுவதற்குமான கூட்டுத்தொகையைக் கண்காணித்தனர். அவ்வழங்கிகள் இயல்பாகவே நினைவகம் முழுவதையும் ஏற்ற இறக்கத்தோடு பயன்படுத்துபவை. ஆகவே கூட்டுத்தொகையில் நோய் தெரியவில்லை. அதன்பின் அந்நிறுவனம் அறிவித்த திருத்தங்கள் கருதத்தக்கவை. பிழையை நீக்கியதோடு, ஒவ்வொரு நிரலின் நினைவகத்தையும் தனித்தனியே அளந்து எச்சரிக்கவும், முதன்மையற்ற நிரல்கள் அளவுக்கு மேல் எடுக்காதபடி வரம்பிடவும் முற்பட்டது. ஒரு வகுப்பின் சராசரி மதிப்பெண் நன்றாக இருக்கும்போதே ஒரு மாணவர் பின்தங்கிப் போவதை ஆசிரியர்கள் அறிவர். கூட்டுத்தொகை தனியொருவரின் நிலையைக் காட்டாது.

வகுப்பறைக்கு எடுத்துச் செல்ல வேண்டியவை

நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களிடம் நாம் ஒன்றை வேண்டிக்கொள்கிறோம். மாணவர் எழுதும் நிரல் சரியான விடையைத் தருகிறதா என்று பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். அதே நிரலை ஓர் இலட்சம் முறை தொடர்ந்து இயக்கச் செய்து, தொடக்கத்திலும் முடிவிலும் நினைவகம் எவ்வளவு என்று எழுதச் சொல்லுங்கள். இணைப்பு தோற்கும்போது அது எவ்வாறு நடந்துகொள்கிறது என்றும் சோதிக்கச் சொல்லுங்கள். வர்ஜீனியாவில் பிழை விழித்தது அவ்விடத்தில்தான்.

மாணவர்களே, நீங்கள் நினைவகத்தைப் பெறும் ஒவ்வோர் இடத்திலும் மூன்று வினாக்களை எழுப்புங்கள். இதற்கு உரியவர் யார்? இது எப்போது திரும்பும்? இது எவ்வளவு வரை வளரலாம்? முதல் வினாவுக்கு விடையில்லையேல் கசிவு வரும். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் விடையில்லையேல் தேக்கம் வரும். மூன்றுக்கும் விடையிருந்தும் கோடு ஏறினால், துண்டுபடலைத் தேடுங்கள்.

தமிழாசிரியர்களுக்கும் ஒரு சொல். கலைச்சொல்லாக்கம் என்பது பிறமொழிச் சொல்லுக்கு ஈடான சொல்லைக் கண்டு நிறுத்திவிடும் பணியன்று. ஒரே சொல்லின் கீழ் ஒளிந்திருக்கும் வேறுபட்ட பொருள்களைப் பிரித்துக்காட்டுவதும் அதன் கடமை. கசிவு, தேக்கம், துண்டுபடல் என்னும் மூன்று சொற்களும் நம் வகுப்பறைகளில் வழங்குமாயின், வரைபடத்தில் கோடு ஏறுவதைக் காணும் இளம் நிரலர் ஒருவர், மருந்தைத் தேடுமுன் நோயைக் கேட்பார். அவ்வாறு கேட்கத் தவறிய எங்களால் ஒரு மாணவி தம் கட்டுரையின் பிற்பாதியை இழந்தார். இனி எவரும் இழக்காதிருக்க இவ்வுரை சிறிதேனும் பயன்படுமாயின் மகிழ்வோம்.